ஆளில்லாத பள்ளிவாசல்

சமீபத்தில் செஞ்சிக்குப் போயிருந்தேன். ராஜகிரி அடிவாரத்தில் சாதத்துல்லாகான் பள்ளிவாசலுக்கு எதிரே ஓர் இளைஞர் காமிராவும் கையுமாக நின்றிருந்தார். நிழலில் தொப்பி போட்ட ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளிப் போங்க. படத்துல ஆள் விழக்கூடாது."

கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அந்த இளைஞரைக் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. பல வருஷங்களுக்கு முன், ஒரு கதையில் இதே பள்ளிவாசலை வௌவாலும் அந்தி வெயிலுமாக வர்ணித்து, மனித வாடையே இல்லாமல் செய்தவன் நான். பாராட்டுக் கடிதங்கள்கூட வந்தன. ஆனால் அது இரவல் கண்.

யாரிடம் வாங்கிய இரவல்? 1780-ல் சென்னையில் வந்திறங்கினார் வில்லியம் ஹாட்ஜஸ் என்ற ஆங்கிலேய ஓவியர். ஐதர் அலி செஞ்சியைப் பிடித்ததும் அதே வருஷந்தான். யுத்தத்தினால் இங்கே ஊர் சுற்ற முடியாமல் வடக்கே போன அவருக்கு, வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆதரவு கிடைத்தது. பின்னால் வந்த தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1795 முதல் 1808 வரை 144 இந்தியக் காட்சிகளை அச்சிட்டு வெளியிட்டார்கள். மசூதிகளும் சமாதிகளும் அவற்றில் நிறைய உண்டு.

அவர்களுடைய தேசத்தில் அப்போது வில்லியம் கில்பின் என்ற பாதிரியாரின் ரசனைச் சட்டம் கொடிகட்டிப் பறந்தது. இடிந்ததே அழகு! டின்டர்ன் மடாலயத்தின் பாழ்சுவர் போதிய அளவு இடியவில்லை, சுத்தியலால் இன்னும் கொஞ்சம் உடைத்தால் தேவலை என்று 1782-ல் எழுதியவர் அவர். அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தவர்களுக்குத் தொழுகை இடமும் ஒரு 'காட்சி'தானே? பீகாரில் மனேர் என்ற ஊரில் மக்தூம் ஷா தௌலத்தின் தர்கா இருக்கிறது. ஜனங்கள் இன்றும் வேண்டுதலோடு போகிற இடம். டேனியல்களுக்கு அது நதிக்கரைக் கட்டடம்.

"அவர்கள் வரையாவிட்டால் நமக்கு ஆதாரமே இருக்காதே!" என்பார்கள். வாஸ்தவம். தூண், வளைவு, மாடம் எல்லாம் அளவு பிசகாமல் வரைந்தார்கள், நன்றி சொல்வோம். ஆனால் ஒரு நாட்டையே பாழடைந்த வீடாகப் பார்த்துப் பழகியவனுக்கு, அதற்குப் புது எஜமானன் வந்தது நியாயமாகத்தானே தோன்றும்?

எஜமானன் போய்விட்டான், கண்ணை நம்மிடம் விட்டுப் போயிருக்கிறான். 1714-ல் தேசிங்குராஜன் சாதத்துல்லாகானோடு போரிட்டு மாண்டான். அந்த வெற்றிக்குப் பின், 1717-18-ல் எழுந்த பள்ளிவாசல் இது. அதே போரில், கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து நண்பன் தேசிங்குக்காக உயிர்விட்டவன் மகமத்கான் என்று நம் கிராமத்துக் கதைப்பாட்டு சொல்கிறது. வென்றவனும் முஸ்லிம், தோற்றவனுக்காகச் செத்தவனும் முஸ்லிம். இந்தச் சிக்கலான, சூடான மனிதக் கதையைத் துடைத்துவிட்டு வெறும் கல்லையும் வெயிலையும் ரசிப்பதா ரசனை?

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிய 12 மராட்டியக் கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. இனிமேல் காமிராக்கள் பெருகும். வாருங்கள், நன்றாகப் படம் எடுங்கள். ஆனால் நிழலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை எழுப்பாதீர்கள். அவரையும் சேர்த்ததுதான் அந்தப் பள்ளிவாசல்.