மூன்று சக்கரமும் நூறில் ஒரு நொடியும்

சனி, ஞாயிறு, திங்கள் - மூன்றே நாட்கள்! 2023 செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 2 வரை. சீனத்து ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. காந்தியார் பிறந்த நாள் விடுமுறையும் சேர்ந்துகொண்டதால், கோவையில் டீக்கடைப் பெஞ்சுகளில் கூட்டத்திற்குக் குறைவில்லை. "ஏனுங்க, நம்மூரு அம்மணிங்களாமா?" என்று ஒருவர் கேட்க, "ஆமாங்க, ஆட்டோக்காரர் வீட்டுப் புள்ளைங்க" என்று இன்னொருவர் சொன்ன குரலில் இருந்த பெருமிதத்தை நாமும் கேட்டோம்.

சனிக்கிழமை, ஸ்குவாஷ் ஆடவர் குழு இறுதிப் போட்டி. பாகிஸ்தானும் இந்தியாவும் ஆளுக்கோர் ஆட்டம் வென்று நிற்க, கடைசி ஆட்டத்தில் சென்னை அபய் சிங் தோல்வியின் விளிம்புவரை போய்த் திரும்பி வந்து தங்கத்தைப் பறித்தார். ஞாயிற்றுக்கிழமை, பறக்கும் தட்டைச் சுட்டு வீழ்த்தும் 'டிராப்' போட்டி. புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருதிவிராஜ் தொண்டைமான் இடம்பெற்ற குழுவுக்குத் தங்கம். இருவரையும் வாழ்த்துகிறோம், மனமார வாழ்த்துகிறோம். ஆனால், ஸ்குவாஷ் ஆட நாற்புறமும் சுவரெழுப்பிய கூடம் வேண்டும். சுட்டுப் பழகத் துப்பாக்கி வேண்டும், தோட்டா வேண்டும். மில் தொழிலாளியின் மகன் அவற்றை எங்கே போய்த் தேடுவான்?

அதே ஞாயிறன்று 100 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தின் இறுதிப் போட்டியில் கோவை நித்யா ராம்ராஜ் ஓடினார். பதக்கம் கிட்டவில்லை. மறுநாள் அவருடைய இரட்டைச் சகோதரி வித்யா, 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தின் தகுதிச் சுற்றை 55.42 நொடியில் ஓடி முடித்தார். ஒரே தாய் வயிறு, ஒரே நாள் பிறப்பு, ஒரே ஜாதகம். ஒருவருக்குப் பதக்கமில்லை, மற்றவருக்குச் சாதனை! நம் ஜோசியர்கள் இதற்கு எந்தக் கட்டத்தைக் காட்டுவார்களோ, அறியோம்.

55.42 - அந்த எண்ணின் முன் சற்றே நில்லுங்கள், தோழர்களே! 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா ஓடிய நேரம் அது. ஒரு நொடியை நூறு கூறாக்கினால் அதில் ஒரு கூறு. அவ்வளவில் வெண்கலம் கைநழுவிப் போயிற்று. வேறு உணவு ஒத்துக்கொள்ளாமல் கஞ்சியும் ஊறுகாயுமாக அங்கே காலம் தள்ளியதை உஷாவே பிற்காலத்தில் சொன்னார். கடைசிச் சில அடிகளில் கால் தளர்ந்ததென்றால், குற்றம் காலினுடையதா, கஞ்சியினுடையதா?

அந்த 55.42-ஐ எட்டிப்பிடிக்க இந்தப் பெரிய நாட்டுக்கு 39 ஆண்டுகள் பிடித்தன. எட்டிப்பிடித்தவர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். அன்று மாலையே கலப்புத் தொடர் ஓட்டத்தில் வெள்ளி. அதில் ஓடிய நால்வரில் வித்யா, ராஜேஷ் ரமேஷ், சுபா வெங்கடேசன் என மூவர் தமிழ்நாட்டவர். மறுநாள் இறுதிப் போட்டியில் வித்யாவுக்கு வெண்கலம்.

"ஓட்டமெல்லாம் பிறவியிலே வர வேண்டும்" என்று சொல்லும் பெரிய மனிதர்கள் இன்றும் இருக்கிறார்கள். படிப்பு பிறவியிலே வர வேண்டும் என்று சொன்னவர்களின் வாரிசுகள்தாமே! உஷாவை உருவாக்கியது எது? 1976-இல் கேரள அரசு தொடங்கிய பெண்கள் விளையாட்டுப் பிரிவு. கண்ணூரில் தங்க இடம், சோறு, பயிற்சி. வித்யாவும் நித்யாவும் பயின்றது எங்கே? ஈரோட்டில், பெண்களுக்கான விளையாட்டுப் பள்ளியில். ஈரோடு என்றதும் தோழர்கள் புன்னகைப்பது நமக்குத் தெரிகிறது! 1920-இல் நீதிக்கட்சியார் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் வைத்த பகலுணவு, காமராசர் காலத்தில் ஊரெங்கும் பரவி, எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாகி, கலைஞர் காலத்தில் முட்டையும் சேர்ந்து, 2022-இல் காலைச் சிற்றுண்டியாகவும் வந்ததே, அந்தச் சோற்றுக்குப் பின்புதான் ஏழை வீட்டுப் பிள்ளை ஓடவே தொடங்கியது.

சோறு வந்தது. திடல் வந்ததா?

ஒரு சின்னத் தீவைப் பார்ப்போம். அயர்லாந்து. வடக்கையும் தெற்கையும் சேர்த்தே ஏறத்தாழ 70 லட்சம் மக்கள். நம் கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டங்களில் 2011 கணக்கின்படியே 80 லட்சத்துக்கு மேல்! 2024 ஆகஸ்டில், பாரிஸ் ஒலிம்பிக்கின் ஒரு வார இறுதியில் அயர்லாந்தின் கணக்கைக் கேளுங்கள்: வெள்ளியன்று படகோட்டத்தில் தங்கம், சனியன்று ஜிம்னாஸ்டிக்கில் தங்கம், ஞாயிறன்று நீச்சலில் வெண்கலம். செவ்வாயன்று குத்துச்சண்டையில் இன்னொரு தங்கம். அந்தக் குத்துச்சண்டை வீராங்கனை கெல்லி ஹாரிங்டன் யார் தெரியுமா? டப்ளின் மருத்துவமனையில் துப்புரவுப் பணி பார்த்தவர்! பாரிஸில் அந்தத் தீவு பெற்ற தங்கம் நான்கு. 140 கோடிப் பேர் வாழும் நாடு பெற்றது? தங்கம் ஒன்றுமில்லை, ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம்.

அவர்கள் நம்மைவிடச் செல்வர்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் 1884-இல் அங்கே தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் ஊருக்கூர் கிளை கட்டி, கிளைக்கொரு திடல் கண்டது. அங்கே ஆடுவது ஒலிம்பிக்கில் இல்லாத அவர்களுடைய சொந்த ஆட்டம். ஆயினும், சம்பளமில்லாமல் ஆடுகிற உழைப்பாளிக்கும் அவன் பிள்ளைக்கும் ஊரில் ஒரு திடல் உண்டு என்பது அங்கே வழக்கமாகிவிட்டது.

இங்கே? 2005-இல் உலகக் கார்ப் பந்தயத்தின் உச்சியான பார்முலா ஒன்றில் முதல் இந்தியராக நரேன் கார்த்திகேயனை நிறுத்திய ஊர் கோவை. நான்கு சக்கரம் ஓட இங்கே பந்தயத் தடம் உண்டு. மூன்று சக்கரக்காரர் பிள்ளைக்கு? நாம் படித்த பள்ளியில் வாரத்துக்கு இரண்டு டிரில் பீரியட். இரண்டையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார், திருப்பித் தந்ததே இல்லை. பள்ளி விட்டதும் திடலுக்குப் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை சுவரேறிக் குதித்த பிள்ளைக்குப் பிரம்படி. தடை தாண்டும் ஓட்டத்தை அப்படித்தான் கற்பித்தார்கள் போலும்!

ஆட்சியில் யார் இருந்தாலும் கேட்போம். மாலையிலும் விடுமுறையிலும் அரசுப் பள்ளித் திடல்களின் பூட்டைத் திறக்க வேண்டும். டிரில் பீரியடைக் கடன் கொடுக்கக் கூடாது. விளையாட்டு விடுதிகளின் சமையற்கட்டில் முட்டையும் பாலும் குறையக் கூடாது. கழகத் தோழர்களுக்கும் ஒரு வேலை: அடுத்த வட்டக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வட்டத்தில் எத்தனை திடல், அவற்றில் எத்தனைக்குப் பூட்டு, சாவி யார் கையில் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.