பழைய வீட்டுக் கூரை மரங்களைப் பரிசோதித்தல்

மெட்ராஸ் டெரஸ் கூரையின் மொத்தப் பாரத்தையும் தாங்குபவை, இரு முனைகளும் சுவருக்குள் பதிந்திருக்கும் மரக்கட்டைகள். அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களை மூலைவாட்டமாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவையைக் கொட்டி இடித்து, தட்டோடு பதிப்பது பழைய முறை. வைரம் பாய்ந்த தேக்கு, ஈரம் படாதவரை நூறாண்டும் உழைக்கும். ஆகவே மரத்தைச் சோதிப்பது என்பது முதலில் தண்ணீரின் வழியைத் தேடுவதுதான்.

மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பற்றி இற்றுப்போகும். சுவருக்குள் புதைந்த முனைக்குக் காற்றோட்டம் இல்லை. அடைபட்ட தூம்பிலிருந்து கசியும் நீர் அங்கேயே தங்கும். கட்டையின் நடுப்பகுதி பளபளப்பாக இருக்கும்போதே முனை மக்கியிருக்கக்கூடும். அதனால் சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் முனையை உள்ளே விடாது. இற்ற மரத்தில் அது எளிதாக இறங்கும். சுத்தியலால் தட்டும்போது கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே சேதம்.

சுவரில் மண்கோடு ஏறியிருந்தால் அது கரையான். குண்டூசித் தலை அளவுத் துளைகளும் மாவுபோன்ற தூளும் உளு வண்டின் அடையாளம். வண்டு இன்னும் உயிரோடிருக்கிறதா என்பதை அறிய, துளைகளைத் துடைத்துவிட்டுக் கீழே காகிதம் விரித்துச் சில வாரம் பார்த்தால் போதும். புதுத்தூள் விழுந்தால் அரிப்பு தொடர்கிறது.

நீளவாக்கில் ஓடும் வெடிப்பு பெரும்பாலும் மரம் காய்ந்ததால் வந்தது. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. நடுப்பகுதியின் அடிப்புறத்தில் நாரைக் குறுக்கே அறுக்கும் வெடிப்பு ஆபத்தானது. எல்லாக் கட்டைகளும் ஒரே அளவில் லேசாக வளைந்திருந்தால் அது நெடுநாள் பாரத்தின் விளைவு. ஒன்று மட்டும் பக்கத்துக் கட்டைகளைவிடத் தாழ்ந்து, அதையொட்டிப் புது விரிசலும் தெரிந்தால், உடனே முட்டுக் கொடுத்துப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

பழுது பார்க்கும் வரிசையும் முக்கியம். முதலில் ஒழுகலை அடைக்க வேண்டும். பிறகே இற்ற முனையை வெட்டி இருபுறமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் முடுக்குவதோ, கட்டையையே மாற்றுவதோ. ஒழுகலை நிறுத்த மேலே மேலே சிமென்ட் பூசுவது பலர் செய்யும் பெருந்தவறு. அது பாரத்தைக் கூட்டுவதோடு, சுண்ணாம்பு வழியே வெளியேற வேண்டிய ஈரத்தையும் சிறைப்படுத்திவிடும். பழைய வீடு வாங்க நினைப்பவர், வர்ணம் பூசி மறைத்த கட்டையை நம்பி விலை பேசவே கூடாது.