வலயத்தோடு முடிந்துபோகும் நாடகங்கள்

தமிழ்மொழித் தினப் போட்டிகள் முடிந்த கையோடு, திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலைகளில் ஆண்டுதோறும் நடக்கிற ஒரு காரியம் உண்டு. மட்டையில் வெட்டிய கிரீடமும் வெள்ளித்தாள் ஒட்டிய வாளும் களஞ்சிய அறைக்குப் போகும். வாடகைக்கு எடுத்த உடுப்புகள் திரும்பிப் போகும். வலயத்தில் முதலிடம் பெற்ற நாடகத்துக்கு மாகாணம் என்று இன்னொரு மேடை இருக்கிறது. மற்றவற்றுக்கு அதுவே முடிவு. வாரக்கணக்காகப் பிள்ளைகள் பழகிய நாடகம் நடுவர்களுக்கும், தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் வேறு பாடசாலைப் பிள்ளைகளுக்கும் முன்னால் ஒரேயொரு தடவை ஆடப்பட்டு மறைந்துபோகிறது. நடித்த பிள்ளையின் தாய் அதைப் பார்க்கவில்லை. பக்கத்து வகுப்புக்கூடப் பார்க்கவில்லை. நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிற நாம் இதை வழமையென்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். அப்படி ஏற்றுக்கொண்டது பிழை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

போட்டியைக் குறை சொல்வது நோக்கமல்ல. கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்ற அந்தப் படிகள் இல்லையென்றால் எத்தனையோ சிறிய பாடசாலைகளில் நாடகம் என்ற பேச்சே எழாது. திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்ற ஐந்து வலயங்களைக் கொண்ட இந்த மாவட்டத்தில், ஒழுங்கான மேடையோ ஒலிவாங்கியோ இல்லாத பாடசாலைகள் பல. அங்கெல்லாம் ஓர் ஆசிரியர் மாலை நேரத்தில் பிள்ளைகளை மறித்து வைத்து ஒத்திகை பார்க்க அதிபர் அனுமதி தருகிறார் என்றால், போட்டிச் சுற்றறிக்கை வந்திருக்கிறது என்பதே காரணம். அந்தக் கதவைத் திறந்து தந்ததற்குப் போட்டிக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூட நாடகத்தில் எது நினைவிருக்கிறது என்று கேட்டால் பரிசைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. ஒத்திகை முடிந்து ஒன்றாக நடந்து வீடு போனது, பிளேன்ரீயும் பணிசும் பங்கிட்டது, வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி அரக்கியாகக் கத்தியதும் எல்லோரும் திகைத்து நின்றது, இவற்றைத்தான் சொல்வார்கள். மரமாகவும் அலையாகவும் நின்ற பிள்ளைகள்கூட முழு நாடகத்தையும் எல்லோருடைய வசனத்தோடும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். பாடத்திட்டம் எத்தனை அலகுகளில் சொன்னாலும் வராத ஒன்று அங்கே வந்திருக்கிறது: தான் வராவிட்டால் மற்றப் பத்துப் பேரின் வேலையும் நின்றுவிடும் என்ற அறிவு.

இதே பிள்ளைகள் தயங்கித் தயங்கிச் சொல்லும் இன்னொன்றும் இருக்கிறது. போட்டி மேடையில் வசனம் மறந்த பிள்ளை, நேரம் முடிந்து மணி அடித்தபோது நடுக்காட்சியில் நின்றுவிட்ட பிள்ளை, கிரீடம் கழன்று விழுந்த பிள்ளை. தோற்றது தன்னால்தான் என்ற எண்ணம் அவர்களிடம் ஆண்டுக்கணக்காகத் தங்கிவிடுகிறது. ஆசிரியர் ஏசாமல் இருந்தாலும் தங்கிவிடுகிறது. அரங்கில் பிழை என்பது திருத்தக்கூடிய ஒன்று. அடுத்த அளிக்கையில் அதே இடத்துக்கு வரும்போது நடிகர் மூச்சை எடுத்துக்கொண்டு, சென்ற தடவை வழுக்கிய இடத்தைத் தாண்டிப் போவார். தொழில்முறை நடிகர் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தார்கள். நம்முடைய மாணவருக்கோ அந்த அடுத்த அளிக்கையே இல்லை. ஒருமுறை விழுந்த இடத்தில் மறுபடி எழுந்து நிற்கும் அனுபவத்தைக் கொடுக்காமல், விழுந்ததை மட்டும் கொடுத்து அனுப்புகிறோம். இரண்டாவது அளிக்கை வேண்டும் என்று நாம் கேட்பதற்கு வேறு எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் இது ஒன்றே போதும்.

கிழக்கின் கூத்து மரபு இதை நன்றாக அறிந்திருந்தது. சட்டம் கொடுத்து (அவரவர் வேடத்துக்குரிய ஏட்டுப் பகுதியைக் கையளித்து), மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழு ஒத்திகை நடத்தி), அதன் பிறகே அரங்கேற்றம். அரங்கேற்றத்தோடும் கூத்து முடிந்துவிடவில்லை. கூத்தர் வீடுவீடாகப் போய் ஆடினார்கள். பழகியது ஊரின் உழைப்பில்; ஆகவே ஊர் முழுவதும் அதைக் கண்ணால் காண வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தபோது, 1962 இல் கர்ணன் போர், 1964 இல் இராவணேசன் என்று அடுத்தடுத்துத் தயாரித்தார். இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு. அவரே பின்னாளில் பேராசிரியராகி, கிழக்குப் பல்கலைக்கழக மாணவருக்கு அதே இராவணேசனைப் பழக்கி மீண்டும் மேடையேற்றினார். மாணவப் பருவத்தில் ஆடிய ஒரு வேடம் ஒரு மனிதரோடு பல பத்தாண்டுகள் கூடவே வந்திருக்கிறது என்றால், அந்த நாடகம் மறுபடி மறுபடி ஆடப்பட்டதும் அதற்குக் காரணம். கோணேசர் மலையில் இராவணன் வெட்டைக் காட்டிக் கதை சொல்லி வளர்க்கப்படும் நமது பிள்ளைகள், இராவணனாக ஒரே ஒரு நாள் பன்னிரண்டு நிமிடமோ பதினைந்து நிமிடமோ நின்றுவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

நமது மாவட்டத்தின் நில அமைப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர், இந்தப் பக்கம் நகரம். கண்ணுக்குத் தெரிகிற கரைதான், தரைவழியாகப் போனால் குடாவைச் சுற்ற வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை துறையடியில் பாதைப் படகுக்குக் காத்து நின்றுதான் வாகனங்கள் அக்கரைப்பட்டன. பாலம் வந்த பிறகு பயணம் இலகுவாகியிருக்கிறது, உண்மை. ஆனாலும் விடியப் புறம் கரைவலை இழுக்கப் போகும் தகப்பனும், வாடியில் கருவாடு காயப்போடும் தாயும் ஒரு வேலைநாள் காலையில் போட்டி நடக்கும் மண்டபத்துக்கு வர முடியாது. வெருகல், ஈச்சிலம்பற்று, குச்சவெளி, திரியாய்ப் பக்கத்துப் பெற்றோருக்கு அது இன்னும் தூரம். அவர்கள் ஊரில், அவர்கள் ஓய்ந்திருக்கும் பொழுதில் நாடகம் ஆடப்பட்டால் ஒழிய, தங்கள் பிள்ளையை அவர்கள் வேடத்தில் காணப்போவதே இல்லை.

இன்னொரு விடயம், சற்றுக் கவனமாகச் சொல்ல வேண்டியது. 2004 டிசம்பர் 26 கடல்கோளும், 2006 இல் சம்பூர், மூதூர்ப் பக்க மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்ததும் நமது பாடசாலை நாடகங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. வரத்தான் வேண்டும். ஆனால் நடுவரை அழ வைத்தால் புள்ளி கூடும் என்ற கணக்கில், அந்தத் துயரைக் கண்டிராத பிள்ளையிடம் ஓலத்தைப் பழக்குகிறோம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் வீட்டுக் காயத்தை மேடைப்பொருளாக்கச் சொல்கிறோம். மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளோடு விளையாட்டும் கதையும் களிமண்ணும் கொண்டு வேலை செய்தபோது பிள்ளையின் வேகத்துக்கே விட்டுக்கொடுத்தது. அந்தப் பொறுமை நமக்கும் வேண்டும். ஊருக்குள் ஆடுவது இதற்கும் உதவும். அலையில் உறவைப் பறிகொடுத்தவர் முன்வரிசையில் இருக்கும்போது எந்த நெறியாளரும் மிகையாக அழ வைக்கத் துணிய மாட்டார். எது பொய்யாக ஒலிக்கிறது என்பதை அந்தப் பார்வையாளரின் முகம் நடிக்கும் பிள்ளைக்கு அங்கேயே சொல்லிவிடும். எந்த நடுவர் குறிப்பும் அவ்வளவு துல்லியமாக இராது.

ஆகவே கேட்கிறோம்: தயாரிக்கும் ஒவ்வொரு நாடகமும் போட்டிக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, பிள்ளைகளின் சொந்த ஊரில் ஆடப்படட்டும். முன்னையது பாடசாலைக்குள், மற்ற வகுப்புகளுக்கு. பின்னையது வெளியே: கோயில் வீதியில், மீனவர் சங்கக் கட்டடத்தில், பல்தேவைக் கட்டடத்தில், பள்ளிவாசலுக்கு அருகான திடலில், எங்கே இணக்கமோ அங்கே. இரவு வேண்டாம். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களின் கவலை நியாயமானது, மாலை நான்கரை மணி போதும். வாடகை உடுப்பு இல்லாமல், ஒப்பனை குறைத்து, பகல் வெளிச்சத்தில் ஆடலாம்.  நேரக் கட்டுப்பாட்டுக்காக வெட்டிய காட்சிகளைத் திரும்பச் சேர்க்கலாம். போட்டியில் வசனம் கிடைக்காத பிள்ளைக்கு இம்முறை வசனமுள்ள வேடம் கொடுக்கலாம். முடிந்ததும் பார்த்தவர்களோடு பத்து நிமிடம் பேசலாம். நாடக நெறியாளர் ஒகஸ்டோ போவால் தென்னமெரிக்காவில் செய்ததுபோலப் பார்வையாளரையே மேடைக்கு அழைத்துக் காட்சியை மாற்றச் சொல்லும் துணிவு உள்ள ஆசிரியர்கள் அதையும் செய்து பார்க்கலாம்.

அதிபர்கள் சொல்லப்போகும் தடைகள் தெரியும். பாடத்திட்டம் பிந்துகிறது, ரியூசன் இருக்கிறது, சாதாரண தரப் பரீட்சை வருகிறது. ஆனால் இது புதிய ஒத்திகை கேட்கும் வேலையல்ல. நாடகம் ஏற்கெனவே பிள்ளைகளின் உடம்பில் இருக்கிறது. ஒரு பின்னேரம்தான் கேட்கிறோம். உவர்மலையில் இயங்கும் மாகாணக் கல்வித் திணைக்களம் ஊர் அளிக்கையை ஊக்குவித்து ஒரு வரி எழுதினால், தனித்து நிற்கிற நாடக ஆசிரியருக்கு அது பெரும் பலம்.

இரண்டாவது அளிக்கையை நடத்துகிற ஆசிரியர்கள், அது முடிந்த மறுநாள் பிள்ளைகளிடம் ஒரு தாள் கொடுத்து, இரண்டு நாட்களுக்கும் இடையே என்ன வித்தியாசம் என்று எழுதச் சொல்லுங்கள். வசனம் பேசியவர், பின்பாட்டுப் பாடியவர், திரை இழுத்தவர் எல்லோரும் எழுதட்டும். பெயரை நீக்கி, எழுத்துப் பிழை எதையும் திருத்தாமல் எங்கள் இதழுக்கு அனுப்புங்கள். வரும் இதழ்களில் ஆசிரியர் கட்டுரைகளுக்கு முன்னால் அவற்றைப் போடுவோம்.