புற்றுநோயாளிக்குப் பத்தியமா? முதலில் சோறு போடுங்கள்!

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு என் வைத்தியசாலைக்கு வந்தாள். அம்மாவுக்கு இரைப்பையில் புற்று. பெரிய ஆஸ்பத்திரியில் கீமோதெரபி இரண்டு தடவை முடிந்திருந்தது. மூன்றாவதுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

"டாக்டரய்யா, அம்மாவுக்குத் தெம்பு வர்ற மாதிரி ஏதாச்சும் லேகியம் குடுங்க."

"அது இருக்கட்டும்மா. அம்மா என்ன சாப்பிடுதாவ?"

கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். மேலே 'கூடாது' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. பால், தயிர், முட்டை, மீன், கறி, சர்க்கரை, வெல்லம், உளுந்து, நிலக்கடலை, தேங்காய், கிழங்கு, வாழைப்பழம்... எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 22. அதற்குக் கீழே 'கொடுக்கலாம்': அரிசிக் கஞ்சி, இளநீர், அருகம்புல் சாறு, மாதுளை ஜூஸ். அவ்வளவுதான்.

"யாரும்மா எழுதிக் கொடுத்தது?"

"பக்கத்து வீட்டு மதினி கொஞ்சம் சொன்னாவ. அத்தை மகன் போன்ல வந்ததைப் பாத்துச் சொன்னான். ஒரு வைத்தியரும் சொன்னாரு..."

அந்த அம்மாவை எடை பார்த்தேன். 41 கிலோ. நோய் கண்டுபிடித்தபோது 48 கிலோ என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருக்கிறது. நாலே மாதத்தில் 7 கிலோ போயிருக்கிறது! சேலையைச் சுற்றிச் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார்கள். நாற்காலியில் இருந்து எழுந்திருக்க மகளின் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

நான் சித்த வைத்தியன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை வருஷம் படித்தவன். 'பத்தியம் என்ற சொல்லை வைத்துத்தானே ஐயா நீங்களே பிழைக்கிறீர்கள்' என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். அதனால்தான் நான் சொன்னால் கொஞ்சம் எடுபடும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு, இளைத்துக்கொண்டும் இருக்கிற ஒருவருக்குப் பத்தியம் என்ற பெயரில் சாப்பாட்டைக் குறைப்பது பெரிய தப்பு.

பத்தியம் என்பது மருந்தோடு சேர்ந்தது. இன்ன மருந்து, இத்தனை நாள், அதுவரைக்கும் புளி வேண்டாம், உப்பு வேண்டாம் என்பதுதான் அதன் முறை. நாள் முடிந்தால் பத்தியமும் முடிந்தது. மருந்தே இல்லாமல், நாள் கணக்கும் இல்லாமல், ஆறு மாதம் ஒரு வருஷம் என்று ஒரு நோயாளியைக் கஞ்சியில் நிறுத்தி வைக்க எங்கள் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு என்று உடற்கட்டுகளை வரிசையாகப் படித்தோம். ஊனும் கொழுப்பும் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கும்போது அதைக் கட்ட வேண்டியவன் வைத்தியன். கரைவதை வேகப்படுத்துகிறவன் எப்படி வைத்தியன் ஆவான்?

இதை நான் ஒன்றும் பிறவியிலேயே தெரிந்துகொண்டு வந்துவிடவில்லை. இருபது வருஷத்துக்கு முன்பு என்னிடம் ஒரு டீக்கடைக்காரர் வந்தார். நாக்கில் புற்று, ஆபரேஷன் முடிந்து ரேடியேஷன் ஆரம்பிக்கும் நேரம். "அண்ணாச்சி, நான் என்ன சாப்பிடலாம்?" என்று கேட்டார். அவருக்கு நான் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் வாய்ப் பழக்கத்தில், "முட்டை, மீன், கறி வேண்டாம். தயிர் வேண்டாம். கிழங்கு வகை தள்ளிடுங்க" என்று சொல்லிவிட்டேன். மனுஷன் ஒரு சொல் தவறாமல் கடைப்பிடித்தார். 58 கிலோ இருந்தவர் ஏழே வாரத்தில் 49 ஆகிவிட்டார். ரேடியேஷனுக்கு முகத்தை அசையாமல் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் முகமூடி அளவெடுத்துச் செய்வார்கள். கன்னம் ஒட்டிப்போய் அந்த முகமூடியே லொடலொடத்துவிட்டது. புதிதாகச் செய்ய வேண்டும் என்று சிகிச்சையை இடையில் நிறுத்தினார்கள். அப்புறம் ரத்த அணு குறைந்தது என்று ஒரு வாரம் போனது, காய்ச்சல் என்று இன்னொரு வாரம் போனது. கடைசியில் அவர் பிழைக்கவில்லை. முற்றிய நோய்தான். ஆனாலும் புற்று மட்டும்தான் அவரைக் கொண்டுபோனது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் அடுத்த கட்சிக்காரர்களின் புத்தகங்களை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தேன். இதெல்லாம் புதிய விஷயமே இல்லை. 1980-லேயே அமெரிக்காவில் 3,000 பேருக்கு மேல் கணக்கெடுத்து, கீமோதெரபிக்கு முன்னாலேயே எடை குறைந்தவர்கள் குறையாதவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். இந்த இளைப்பை 'கேக்கெக்சியா' என்கிறார்கள். கிரேக்க மொழியில் 'கெட்ட நிலை' என்று அர்த்தமாம். 2011-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார்கள். ஆறு மாதத்தில், முயற்சி செய்யாமலே, உடல் எடையில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் குறைந்தால் அது கேக்கெக்சியா. ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவருக்கு 2 பங்குக்கு மேல் குறைந்தாலே போதும். 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. 'அலைச்சல்ல கொஞ்சம் இளைச்சிட்டாரு' என்று நாம் தள்ளிவிடுகிற அதே 3 கிலோ!

பட்டினி கிடக்கிற ஆளும் இளைப்பான், புற்றுநோயாளியும் இளைப்பான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பட்டினியில் உடம்பு சிக்கனமாகிவிடும். முதலில் கொழுப்பைச் செலவழித்து, தசையைக் கூடியமட்டும் காப்பாற்றும். புற்றில் அந்தச் சிக்கனம் கிடையாது. நோயை எதிர்த்து உடம்பு சுரக்கிற சில ரசாயனங்களே பசியை அடைத்து, தசையையும் உருக்குகின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது. கட்டியோ சர்க்கரையை அரைகுறையாகப் புளிக்க வைத்து லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுகிறது. கல்லீரல் அதைத் திரும்பவும் சர்க்கரையாக்க, இருக்கிற சக்தியையும் செலவு செய்கிறது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை. இந்த நிலையில் ஊற்றுவதையும் நிறுத்தினால் என்ன ஆகும்?

தசை போனால் அழகு மட்டுமா போகிறது? இருமிச் சளியைத் துப்பவும் தசை வேண்டும், எழுந்து கக்கூசுக்குப் போகவும் தசை வேண்டும். தசை குறைந்தவர்களுக்குக் கீமோதெரபியின் பக்கவிளைவு அதிகம். மருந்தின் அளவைக் குறைப்பார்கள், இல்லாவிட்டால் தேதியைத் தள்ளிப்போடுவார்கள். இன்னொன்று, குண்டாக இருப்பவர் இளைத்தால் வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். தொப்பை அப்படியே இருக்கும், உள்ளே தொடையும் தோளும் கரைந்திருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எடை பாருங்கள்.

'சர்க்கரைதான் புற்றுக்குத் தீனி, அதை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும்' என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் ஓடுகிறது. புற்று செல் சர்க்கரையை அதிகமாக விழுங்கும் என்பது உண்மை. ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டுபிடித்ததுதான். பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிவதும் அதனால்தான். ஆனால் நீங்கள் வாயில் போடுவதை நிறுத்தினால் ரத்தத்தில் சர்க்கரை நின்றுவிடாது. கல்லீரல் தசையை எடுத்துச் சர்க்கரை செய்து கொடுத்துவிடும்! கட்டிக்குக் கிடைப்பது கிடைத்துக்கொண்டே இருக்கும், பட்டினி நோயாளிக்குத்தான். கிலோக் கணக்கில் இனிப்பு தின்னச் சொல்லவில்லை. பாலில் போடுகிற ஒரு கரண்டி வெல்லத்தைப் பார்த்து நடுங்காதீர்கள் என்கிறேன்.

சரி, எவ்வளவு வேண்டும்? ஐரோப்பிய நிபுணர்களின் கணக்குப்படி ஒரு கிலோ எடைக்குத் தினமும் 25-லிருந்து 30 கலோரி, 1-லிருந்து ஒன்றரை கிராம் புரதம். 50 கிலோ ஆளுக்கு 1,250 முதல் 1,500 கலோரி, 50 முதல் 75 கிராம் புரதம். சிறுநீரகம், ஈரலில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டர் சொல்லும் கணக்கு வேறு. தெளிந்த கஞ்சியையும் இளநீரையும் நாள் முழுக்க ஊற்றினாலும் இந்தப் புரதத்தில் கால்வாசிகூடத் தேறாது. 'டிரிப்ஸ் ஏத்திட்டா தெம்பு வந்துரும்' என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிகூட வராது. ஒரு பெரிய வாழைப்பழம்தான்!

கஞ்சியை நான் வெறுக்கவில்லை. வாய்ப்புண்ணுக்கு அதைவிட இதமானது ஏது? வெறும் கஞ்சியாகக் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் சண்டை. ஒரு பிடி பாசிப்பருப்பை வறுத்து அதோடு குழைய வேகவையுங்கள். 30 கிராம் பருப்பில் சுமார் 7 கிராம் புரதம் வந்துவிடும். இறக்கும்போது ஒரு கரண்டி நெய், கொஞ்சம் தேங்காய்ப்பால். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி இருக்கிறது, மாவிலும் புரதத்திலும் 4 தான். அரை டம்ளர்கூட இறங்காதவருக்கு அந்த அரை டம்ளரிலேயே சத்தை ஏற்ற நெய்யும் எண்ணெயும்தான் வழி. முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம். பொட்டுக்கடலையைப் பொடித்துப் பாலில் கரைக்கலாம். சாப்பிடுகிற வீடு என்றால் முள் எடுத்த மீன். கறி இரும்பு மாதிரி கசக்கிறது என்று கீமோ எடுப்பவர்கள் சொல்வார்கள். அப்போது அதை விட்டுவிட்டுத் தயிர், பனீர் என்று மாறிக்கொள்ளுங்கள். மூன்று வேளை என்ற கணக்கு வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் எல்லாம் வேகவைத்து, சூடாக, அப்போதே செய்ததாக இருக்கட்டும். ரோட்டுக்கடை ஜூஸ் வேண்டவே வேண்டாம்.

பத்து நாளாக ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்கு மட்டும் திடீரென்று நிறையக் கொடுத்துவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களுக்கு ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் மெதுவாக ஏற்ற வேண்டும்.

சர்க்கரை வியாதியும் சேர்ந்திருப்பவர்கள் பாடுதான் பெரிய பாடு. வாந்தி வராமலிருக்கக் கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு சர்க்கரையை இரண்டு மூன்று நாளைக்கு எகிற வைக்கும். உடனே வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். அந்த நாட்களுக்கு மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டிக் குறைப்பது டாக்டர் வேலை. தட்டை எடுப்பது உங்கள் வேலை அல்ல.

எல்லோருக்கும் நெய்யை ஊற்றுங்கள் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு யாரும் என்மேல் பாயக் கூடாது. மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை முடிந்த பெண்கள் பலருக்கு எடை கூடுகிறது, வயிறு போடுகிறது, சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. அவர்களுக்கு நடையும், கைகால் வலுவுக்கான பயிற்சியும், அளவான சாப்பாடும்தான். இளைப்பவருக்கும்கூட முடிந்த அளவு நடமாட்டம் வேண்டும். படுத்தே கிடந்தால் சாப்பிட்டது தசையில் சேராது.

இன்னொரு விஷயம், மூக்குக் குழாய். வாயிலோ தொண்டையிலோ புற்று இருந்து விழுங்க முடியாதபோது டாக்டர் குழாய் வைக்கச் சொன்னால், 'ஐயோ, கடைசிக் கட்டமா' என்று குடும்பமே அழுகிறது. அது சோறு போகிற இன்னொரு வாசல், அவ்வளவுதான். புண் ஆறினால் எடுத்துவிடுவார்கள். பலர் குழாயோடு வீட்டுக்குப் போய், டி.வி. பார்த்துக்கொண்டே பாலும் பருப்புத் தண்ணியும் ஏற்றிக்கொள்கிறார்கள்.

என் சக வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போது நாம் கொடுக்கும் சூரணமும் பற்பமும் அந்த மருந்தோடு எப்படிச் சேரும் என்று தெரியாமல் கொடுக்காதீர்கள். ஈரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே சுமை தூக்கிக்கொண்டிருக்கின்றன. வாசகர்களே, நீங்களும் எங்களிடம் வாங்குவதை ஆஸ்பத்திரி டாக்டரிடம் மறைக்காதீர்கள். அவர் திட்டினால் திட்டட்டும். ஆஸ்பத்திரிக்காரர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்து நிமிஷம் பார்க்கிறவர்கள், 'என்ன சாப்பிட்டீங்க, எத்தனை கிலோ குறைஞ்சிருக்கு' என்று ஒரு நிமிஷம் கேட்டால் என்ன? டயட்டீஷியனைப் பார்க்க வேண்டும் என்று நீங்களாகவே கேளுங்கள்.

தென்காசி அம்மாவுக்கு நான் லேகியம் கொடுக்கவில்லை. வாந்திக்கும் வாய்ப்புண்ணுக்கும் மாத்திரை எழுதித் தரச் சொல்லி அவர்களின் டாக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். வீட்டில் ஒரு எடை மெஷின் வாங்கச் சொன்னேன். வாரம் ஒருமுறை, காலையில், ஒரே மாதிரி உடுப்பில், நோட்டில் எழுதணும்.

போன வாரம் அந்தப் பெண் போன் பண்ணினாள். மூன்றாவது கீமோ தள்ளிப்போகாமல் முடிந்துவிட்டதாம். எடை 41.4. ஏறியது பெரிசில்லை, இறங்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிசு.

"டாக்டரய்யா, அம்மா சாளைமீன் குழம்பு கேக்காவ. மதினி கூடவே கூடாதுங்காவ. குடுக்கட்டுமா?"

"முள்ளை நல்லா எடுத்துட்டு, வத்தலைப் பாதியாக் குறைச்சு வையி. மதினிக்கும் ஒரு கிண்ணம் குடு."