பாசண்டம் என்னுஞ் சொல்

பாசண்டம் என்பது வேதத்தைச் சிதைப்போர் நெறியென்றும், அசோகன் கல்வெட்டிலும் அஃதே பொருளென்றும் கூறுவார் சிலர். அது பொருந்தாது. என்னை? கி.மு. 3ஆம் நூற்றாண்டிற் பிராகிருதத்திற் பொறித்த 12ஆம் பாறைக் கல்வெட்டில் அவ்வரசன் பாசண்டங்கள் அனைத்தையும் போற்றுகின்றான். தன் பாசண்டத்தைப் புகழ்தலும் பிறர் பாசண்டத்தை இகழ்தலும் காரணமின்றி ஆகாவென விலக்குகின்றான். தன் நெறியைத் தானே பழிப்பெயராற் சுட்டுவார் உளரோ? ஆதலின், ஆண்டு அச்சொல் சமயக்குழு என்னுந் துணையே குறிக்கும். ஷாபாஸ்கடிப் பாறையில் அது ‘பிரஷண்டம்’ என ரகரம் பெற்று நிற்றலின், ‘பா’ வேதமென்றும் ‘சண்டம்’ சிதைத்தலென்றும் பிரித்தல் பிற்காலத்தார் புனைவேயாம். சிலப்பதிகாரத்துப் பாசண்டச் சாத்தன் என்னுந் தெய்வப் பெயரும் இகழ்ச்சியன்று. பின்னெழுந்த வசையை முன்னைக் கல்லின்மேல் ஏற்றுதல் நடுநிலையாகாது. பிறர் கொள்கையை மறுக்கப் புகுவார், அவர் சொல்லை அவர் கருதிய பொருளிற் கோடலே முதற்கடன் என்க.