வயிற்றில் தேங்கும் சரக்கு

என்னடா இது, பி.காம் படிக்கிறவன் பேலன்ஸ் ஷீட்டை விட்டுட்டு வயிற்றைப் பத்தி எழுதறானேன்னு நினைக்காதீங்க. இதுவும் ஒரு ஸ்டாக் கணக்குதான்.

சுகர் வந்தா கண், கிட்னி, கால் கெடும்னு எல்லாருக்கும் தெரியும். நாள்பட்ட சுகர் வயிற்றை இயக்கும் வேகஸ் நரம்பையும் கெடுக்கும்னு எத்தனை பேருக்குத் தெரியும்? சாப்பிட்டது குடலுக்கு இறங்காமல் இரைப்பையிலேயே தேங்கும். நாலு வாயிலேயே வயிறு நிறையும், உப்பும், குமட்டும். 1958-லேயே கசாண்டர் என்ற டாக்டர் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்: கேஸ்ட்ரோபரேசிஸ்.

ஆபத்து எங்கே? போட்ட இன்சுலின் வேலையைத் தொடங்கிவிடும். சோறோ இன்னும் கோடவுனை விட்டே கிளம்பியிருக்காது. சுகர் தடாலென இறங்கும். அப்புறம் சோறு மெதுவா இறங்க, சுகர் எகிறும். "ஒழுங்கா மருந்து எடுக்கலையா?" என்ற திட்டு மட்டும் நோயாளிக்கு!

இதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்கேன் இருக்கு. துளி கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து, 4 மணி நேரம் கழித்து 10 சதவீதத்துக்கு மேல் வயிற்றில் மிச்சம் இருந்தால் கோளாறு. 2008-ல் அமெரிக்க நிபுணர்கள் இதற்கு முடிவு செய்த உணவு முட்டை வெள்ளைக்கரு, ரொட்டி, ஜாம்! சோறும் மீன் குழம்பும் சாப்பிடுகிற வயிற்றுக்கு இந்த அளவுகோல் போதுமா? 2014-ல் கொச்சி அமிர்தா மருத்துவமனையினர் முட்டையும் கோதுமையும் இல்லாத உணவை வைத்து நம்ம ஊருக்கு அளவு கண்டார்கள். இப்படிப்பட்ட ஆராய்ச்சிதான் நமக்கு வேணும்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சுகர் என்றது 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. எங்க தோணிரேவு பக்கம் ஏரியில் பாட்டுக்குப் போகிறவர் சாப்பிடும் நேரத்தைத் தண்ணியும் காத்தும்தான் முடிவு செய்யும். வயிறு உப்பினால் "கேஸு"ன்னு மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். சுகர்காரருக்குக் கீரை, நார்ச்சத்து நிறையச் சொல்வோம். இந்தக் கோளாறு இருந்தால் அதையே குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடணும். எல்லாருக்கும் ஒரே அட்வைஸ் எப்படிச் சரியாகும்?

எல்லா ஊரிலும் ஸ்கேன் மெஷின் வைக்கச் சொல்லவில்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. அப்படி வாசலுக்கு வருகிறவர்கள் "சாப்பிட்டது செரிக்குதா, சீக்கிரமே வயிறு நிறையுதா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும். ஆமாம் என்பவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். அல்சரா, அடைப்பா, நரம்புக் கோளாறா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார்.

ஒரு கேள்விக்குச் செலவு ஒண்ணுமில்லை. லாபம் ஓர் உயிராகவே இருக்கலாம். உங்க வீட்டு சுகர்காரரை இன்னைக்கே கேட்டுப் பாருங்களேன்!