சராசரிக் கணக்கும் சாலைப் பணியும்

பாரத்மாலா திட்டத்தின் முதல் கட்டத்துக்கு 2017-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தபோது, 34,800 கி.மீ. சாலைகளுக்கு ரூ.5.35 லட்சம் கோடி செலவாகும் என மதிப்பிடப்பட்டது. இத்தகைய முதலீட்டின் பயன் நிதி ஒதுக்கீட்டில் மட்டுமன்றி, பணியிடத்தில் லாரிகளும் இயந்திரங்களும் எவ்வாறு திட்டமிடப்படுகின்றன என்பதிலும் அடங்கியிருக்கிறது.

ஆலையில் சூடாகத் தயாராகும் தார்க் கலவையை லாரிகள் கொண்டுவர, பேவர் இயந்திரம் பரப்ப, ரோலர்கள் இறுக்க வேண்டும். விஜி-30 வகைத் தார்க் கலவை, பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்துடனும், உருட்டும்போது 90 டிகிரிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கின்றன மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிமுறைகள். ஆறிய கலவையால் பயனில்லை.

எத்தனை லாரிகள் தேவை? வழக்கமான கணக்கு எளியது. ஆலை மணிக்கு 120 டன் தருகிறது. ஒரு லாரி 20 டன் ஏற்றுகிறது எனக் கொள்வோம். பத்து நிமிடங்களுக்கு ஒரு லாரி புறப்படும். கலவையை ஏற்றி, கொட்டிவிட்டுத் திரும்ப 90 நிமிடங்கள் ஆகுமெனில் ஒன்பது லாரிகள் போதும்.

ஆனால், 90 நிமிடம் என்பது சராசரி. ரயில்வே கேட்டில் ஒரு லாரி 20 நிமிடம் நின்றால், பின்னால் வருபவையும் அதனுடன் சேர்ந்துகொண்டு மூன்றும் ஒன்றாக வந்து சேரும். அதுவரை பேவர் வெறுமனே நிற்கும். பிறகு லாரிகள் வரிசையில் நிற்கும். முன்னதாக வந்த லாரி, தாமதமாக வந்த லாரியின் இழப்பை ஈடுசெய்வதில்லை. பேவர் நின்ற இடத்தில் கலவை ஆறி, இறுக்கம் குறைந்து, பின்னாளில் பள்ளம் விழ வழி ஏற்படுகிறது.

இந்த ஏற்ற இறக்கங்களையும் கணக்கில் கொள்வதே கணினி உருவகப்படுத்தல். பணியிடத்தில் பதிவான நேரங்களைக் கொண்டு, ஒரு நாள் வேலையைக் கணினியில் ஆயிரம் முறை நடத்திப் பார்க்கலாம். பதினொரு லாரிகளை அமர்த்தினால் வாடகை எவ்வளவு கூடும், பேவர் நிற்கும் நேரம் எவ்வளவு குறையும் என்பது பணி தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். இது புதுமையன்று. கட்டுமானப் பணிகளுக்கான 'சைக்ளோன்' என்ற உருவக முறையை அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர் டேனியல் ஹால்பின் 1970-களிலேயே உருவாக்கினார்.

பயனுள்ள இம்முறை பரவலாகத் தடையாக இருப்பது தொழில்நுட்பம் அன்று, பொருளாதாரம். கூடுதல் லாரியின் வாடகை ஒப்பந்ததாரரின் செலவு. ஆறிய கலவையால் வரும் இழப்போ, அவரது பொறுப்புக் காலம் முடிந்த பிறகு, வரி செலுத்துவோர் மீதும் வாகன ஓட்டிகள் மீதும் விழுகிறது. மிகக் குறைந்த தொகை கேட்டவருக்கே பணி எனும்போது, லாரிகளைக் குறைப்பதே அவருக்கு லாபம்.

ஆகவே, பெரிய நெடுஞ்சாலைப் பணிகளுக்கான ஒப்பந்தப்புள்ளியுடன் உருவகக் கணக்கையும் சமர்ப்பிக்கக் கோர வேண்டும். லாரிகளின் ஜிபிஎஸ் பதிவுகளை அரசு பெற்று, அடுத்த பணிகளைத் திட்டமிடப் பயன்படுத்த வேண்டும். பொய்யான நேரங்களை உள்ளிட்டால் கணினியும் பொய்யான விடையையே தரும். எனவே, அக்கணக்கைச் சரிபார்க்கும் பயிற்சி துறைப் பொறியாளர்களுக்கும் தேவை. அதற்கு ஆகும் செலவு, போட்ட சாலையையே மீண்டும் போடும் செலவைவிடச் சிறியது.